ஏக்கருக்குப் பத்து லிட்டர்: டெல்டாவில் ட்ரோன் மருந்தடிப்பு எப்படி இருக்கிறது?

16 லிட்டர் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கும் ஆள், ஒரு ஏக்கர் நெல்லுக்கு மருந்தடிக்கப் பத்துப் பன்னிரண்டு டேங்க் சுமக்க வேண்டும். ஒவ்வொரு டேங்க்குக்கும் வரப்புக்கு வந்து, தண்ணீர் மொண்டு, மருந்து ஊற்றி, மறுபடி உள்ளே போக வேண்டும். ஒற்றை ஆள் என்றால் அரை நாள் ஓடிவிடும். அதே ஏக்கரை ட்ரோன் ஏழெட்டு நிமிடத்தில், ஒரே ஒரு 10 லிட்டர் டேங்க்கில் முடித்துவிட்டு வரப்பில் வந்து உட்காருகிறது. வாடகை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏக்கருக்கு 400 முதல் 600 ரூபாய் வரை கேட்கிறார்கள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. காசுக்கு வேலை நடக்கிறதா என்றால், நோயைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் பதில் மாறும். இலைச்சுருட்டுப்புழுவுக்கும் கதிர் வரும் நேரத்துக் குலைநோய்க்கும் தாராளமாகக் கூப்பிடலாம். தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு யோசித்துக் கூப்பிடுங்கள். உளுந்துக்கு டிஏபி உரக் கரைசல் தெளிக்க வேண்டும் என்றால் கூப்பிடவே வேண்டாம். பறக்கிற மெஷின் எந்தக் கம்பெனி என்பது இதில் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, வாளியில் மருந்து கலக்குகிறவருக்கு என்ன தெரியும் என்பதுதான்.

முதலில் அந்த வாளிக் கணக்கைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான புகார்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

நம் ஊரில் மருந்துக் கணக்கு டேங்க் கணக்கு. கடைக்காரரும் “டேங்க்குக்கு 6 மில்லி போடுங்க” என்றுதான் சொல்வார். நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுக்கும் பரவலாக அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி மருந்தின் அளவு ஏக்கருக்கு 60 மில்லி. பத்து டேங்க் அடித்தால் டேங்க்குக்கு 6 மில்லி, கணக்கு சரியாக வந்துவிடும். ட்ரோனுக்கு ஒரே டேங்க்தான். “டேங்க்குக்கு 6 மில்லி” என்ற அதே பழக்கத்தில் 6 மில்லி ஊற்றி அடித்தால், ஏக்கருக்குப் போக வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். புழு சாகாது. “ட்ரோன் வேஸ்ட்” என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். ஏக்கருக்கான மருந்தின் அளவு மாறவே கூடாது; தண்ணீர் மட்டும்தான் 200 லிட்டரிலிருந்து 10 லிட்டராகக் குறைகிறது. 60 மில்லியும் அந்தப் பத்து லிட்டருக்குள் போக வேண்டும்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. இரண்டு பூச்சிமருந்து, ஒரு பூஞ்சைமருந்து, ஒரு டானிக், ஒட்டுப்பசை எல்லாவற்றையும் ஒரே பறப்பில் முடித்துவிடலாம் என்று மொத்தமாகக் கொட்டுகிறார்கள். 200 லிட்டரில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத மருந்துகள் 10 லிட்டரில் இருபது மடங்கு கெட்டியாகச் சந்திக்கின்றன. தயிர் திரிந்ததுபோல் திரண்டு, வடிகட்டியில் ஒட்டி, மருந்து பீய்ச்சும் நாசிலை அடைத்துவிடும். சேருமா சேராதா என்று பார்க்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். டேங்க்கில் போடப்போகும் அதே விகிதத்தில் கொஞ்சமாகக் கலந்து, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் படிந்தாலோ, மேலே ஏடு கட்டினாலோ, பாட்டில் சூடானாலோ அந்தக் கூட்டணி வேண்டாம்.

கலக்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. வாளியில் பாதித் தண்ணீர். முதலில் நனையும் தூளும் குருணையும், நன்றாகக் கரையும்வரை கலக்கிவிட்டு. அடுத்து எஸ்சி எனப்படும் கூழ்ம மருந்து. பிறகு ஈசி எனப்படும் எண்ணெய் மருந்து. ஒட்டுப்பசை கடைசியில். அதன் பிறகே மீதித் தண்ணீர். மெல்லிய வலையில் வடிகட்டித்தான் டேங்க்கில் ஊற்ற வேண்டும். வாய்க்கால் தண்ணீரை அப்படியே மொண்டு ஊற்றுகிற ஆபரேட்டரை வரப்பிலேயே நிறுத்திக் கேளுங்கள். கைத்தெளிப்பானின் நாசில் அந்த வண்டலைத் தாங்கிக்கொள்ளும், ட்ரோனுடையது தாங்காது.

அடுத்தது பறக்கும் வேகம். இதை விவசாயியே கையில் ஃபோன் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம்.

சாதாரண 10 லிட்டர் ட்ரோன் பயிருக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் போனால், ஒரு போக்கில் சுமார் 4 மீட்டர் அகலத்துக்கு மருந்து விழும். நொடிக்கு 4 மீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16 சதுர மீட்டர். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, தெளிக்கும் நேரம் மட்டும் 253 நொடி, நாலேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. திரும்புவது, ஏறி இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் ஏழெட்டு நிமிடம். அந்த நாலேகால் நிமிடத்தில் 10 லிட்டர் காலியாக வேண்டும் என்றால், நாலு நாசிலும் சேர்ந்து நிமிடத்துக்கு 2.4 லிட்டர் விட வேண்டும்.

அவசரக்கார பைலட் வேகத்தை 6 மீட்டராக ஏற்றி, பம்பை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? 169 நொடியில் ஏக்கர் முடிந்துவிடும். டேங்க்கில் மூன்று லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் உங்கள் வயலுக்குப் போகாத மருந்து. வேகத்துக்கேற்பப் பம்ப் தானாகக் கூடிக் குறையும் மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த வசதியை அணைத்துவைத்துப் பறப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் ட்ரோன் இறங்கியதும் டேங்க்கைப் பாருங்கள். ஏக்கர் முடியும்போது டேங்க்கும் முடிந்திருக்க வேண்டும்.

ஏக்கர் என்று பேசினாலும் டெல்டாவில் கணக்கு மாவில்தான். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இரண்டு மா, ஒன்றரை மா என்று வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடக்கும் நிலத்தில் ட்ரோனுக்குத் திரும்பும் வேலையே அதிகம். நேராகப் பறக்கும் தூரம் குறைவு, பேட்டரி வீண். இரண்டு மாவுக்கு முழு ஏக்கர் வாடகை கேட்பது பைலட் பக்கத்தில் நியாயமாகக்கூட இருக்கலாம். கொடுப்பவருக்கு அது ஒன்றரை மடங்கு விலை. பக்கத்து வரப்புக்காரர்கள் நாலைந்து பேர் ஒரே நாளில் சேர்ந்து கூப்பிட்டால் இருவருக்கும் கட்டுப்படியாகும். தனியாக இரண்டு மா வைத்திருப்பவர் பவர் ஸ்பிரேயர் ஆளைக் கூப்பிடுவதே மேல்.

எந்த நோய்க்கு எடுபடும் என்ற விஷயத்துக்கு வருவோம். இறக்கையின் காற்று இலையைப் புரட்டிப்போடுவதால் மருந்து இலையின் இரண்டு பக்கமும் படுகிறது. இலைச்சுருட்டுப்புழு இருப்பது மேல் இலைகளில். பூக்கும் பருவத்தில் கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையில் 5 சதவீதம் சேதம் தெரிந்தாலே மருந்தடிக்க வேண்டும் என்பது பரிந்துரை. அந்த நேரத்தில் பயிர் இடுப்பளவு நிற்கும்; உள்ளே ஆள் நடந்தால் கதிர் சாயும். ட்ரோனுக்கு ஏற்ற வேலை இதுதான். கழுத்துக் குலைநோயும் அப்படியே, அடிக்க வேண்டிய இடம் கதிரின் கழுத்து. ஒரே ஒரு எச்சரிக்கை: நெல் பூ விரிவது காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள். அந்த நேரத்தில் மேலே காற்றடித்து மருந்து பொழியக் கூடாது. ஒன்று விடிந்ததும் அடியுங்கள், இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல்.

புகையான் கதை வேறு. அது தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். கையால் அடிக்கும்போதே தண்ணீரை வடித்து, எட்டடிக்கு ஓர் இடம் பயிரை விலக்கிவிட்டு, நாசிலைத் தூரைப் பார்த்துப் பிடித்து அடிக்கச் சொல்வார்கள். நெருக்கமாகத் தூர் கட்டிய சம்பாவில் மேலிருந்து பத்து லிட்டர் தூவினால் பெரும்பங்கு மேல் இலையிலேயே தங்கிவிடும். கண்ணால் பார்க்க வேண்டுமானால், தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாகும் தாள் கிடைக்கிறது. ஒன்றைக் கதிர் உயரத்திலும், ஒன்றை நடுவிலும், ஒன்றைத் தூரிலும் குச்சியில் குத்திவைத்து அடிக்கச் சொல்லுங்கள். மேல் தாள் நீலமாகியிருக்க, தூரில் வைத்தது மஞ்சளாகவே இருந்தால் புகையானுக்குக் கொடுத்த காசு காற்றோடு போச்சு. ஏக்கருக்கு 15, 20 லிட்டராக ஏற்றி, மெதுவாக இரண்டு முறை பறந்தால் நிலைமை கொஞ்சம் தேறும். இரட்டை வாடகைக்கு ஒத்துக்கொள்கிறீர்களா என்பது உங்கள் பாடு.

உளுந்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நெல் அறுத்த வயலில் விதைக்கும் நெல் தரிசு உளுந்தில் பூக்கும்போது 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பது டெல்டாவில் பழகிய வேலை. 200 லிட்டருக்கு 4 கிலோ. அந்த 4 கிலோவைப் பத்து லிட்டரில் போட்டால் 40 சதவீதக் கரைசல். முதலில் அது முழுசாகக் கரையாது. கரைந்த மட்டும் இலையைக் கருக்கிவிடும், மிச்சம் நாசிலை அடைக்கும். குறைத்துப் போட்டால் சத்து போதாது. இதற்கு ட்ரோன் ஆகாது, அவ்வளவுதான். “நானோ டிஏபி போட்டுக்கலாம் சார்” என்று பைலட்டே ஒரு பாட்டிலை நீட்டுவார். அது வேறு பொருள், வேறு விவாதம். டிஏபிக்கு மாற்று என்று நினைத்து வாங்காதீர்கள்.

களைக்கொல்லிக்கு ட்ரோன் எடுப்பதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. பொடித்துளி காற்றில் மிதந்து அடுத்த வயலுக்குப் போகும். நெல்லில் அடிக்கும் 2,4-டி பக்கத்துப் பருத்தியில் துளி பட்டாலும் இலை தவளைக்கால்போலச் சுருங்கிவிடும். கோடையில் திருவாரூர்ப் பக்கம் நெல்லும் பருத்தியும் ஒரே வரப்பின் இரு பக்கம் நிற்பது சாதாரணம். மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் பூச்சிமருந்துகூட வேண்டாம். வரப்பில் நின்று ஒரு பிடி உமியைத் தலைக்கு மேலிருந்து விட்டுப் பாருங்கள். காலடியில் விழாமல் தள்ளிப் போனால் ட்ரோனைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லிவிடலாம்.

இத்தனை குறை சொன்ன பிறகும் ஒரு நேரத்தில் இதற்கு ஈடே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவில் நாலு மணி நேரம் வெயில் தெரிகிறது. வயலில் முழங்கால் சேறு. ஆள் கிடைத்தாலும் இறங்க முடியாது. இறங்கினாலும் முடிப்பதற்குள் அடுத்த மழை வந்து மருந்தைக் கழுவிவிடும். அந்த நாலு மணி நேரத்தில் ஒரு ட்ரோன் பதினைந்து ஏக்கரை முடித்துவிடும். டெல்டாவில் இந்தச் சேவை காலூன்றியதற்குக் கூலியாள் பற்றாக்குறை ஒரு காரணம். இந்த வேகம் அதைவிடப் பெரிய காரணம்.

வேலை செய்கிறவர்கள் பக்கம் என்ன மாறியிருக்கிறது? முதல் மாற்றம் நல்லது. மருந்துப் புகைக்குள் நடந்துகொண்டே அடிக்கும் ஆள் இப்போது இல்லை. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த சுமார் இருபது பேர் விஷம் ஏறி இறந்துபோனார்கள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு அடிக்கும் நம் ஊர் ஆட்களுக்கும் அதே ஆபத்துதான். ட்ரோன் அந்த ஆளை வரப்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆனால் ஆபத்து இடம் மாறி, மருந்து கலக்குகிறவர் கைக்கு வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது ஏக்கர் என்றால் இருபது தடவை கெட்டியான மருந்தை அளந்து ஊற்றுகிறார், அதுவும் இருபது மடங்கு செறிவாக. பைலட்டுக்குத் தொப்பி, கூலிங் கிளாஸ் எல்லாம் இருக்கும். உதவிக்கு வந்த பையன் வெறுங்கையால் கலக்கிக்கொண்டிருப்பான். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாத குழுவுக்கு எங்கள் மதிப்பெண் சுழியம்.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. டேங்க் சுமந்தவர் வயலுக்குள் நடந்தார். வெளியே வரும்போது “அண்ணே, கீழண்டை மூலைல தூர்ல புகையான் கெடக்கு, மத்த எடம் சுத்தமாருக்கு” என்பார். மருந்தோடு ஒரு நோட்டமும் இலவசமாகக் கிடைத்தது. ட்ரோனுக்கு அந்தக் கண் இல்லை. மூலையில் மட்டும் பூச்சி இருந்தாலும் வயல் முழுக்க அடித்துவிட்டுப் போகும்; கூடவே புகையானைத் தின்னும் சிலந்தியும் சாகும். தூருக்கு ஒரு புகையானுக்கு மேல் இருந்தால் மருந்தடிக்கலாம். குத்துக்கு, அதாவது ஒரே இடத்தில் நட்ட தூர்களின் கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. அதை எண்ணிப் பார்க்க இப்போது ஆள் தனியாக வேண்டும். ட்ரோன் சேவையோடு வயல் நோட்டத்தையும் சேர்த்துக் காசு கேட்கும் குழு இருந்தால், கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்தாவது அவர்களையே கூப்பிடுங்கள். மருந்துச் செலவில் அது திரும்பி வந்துவிடும்.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் மகளிர் குழுக்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு கணக்கு. 2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 1,261 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் குழுக்களுக்கானது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம் என்று அப்போது அறிவித்தார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 1 லட்சம் ரூபாய் கூடுதல் வருமானம் என்பது அரசின் எதிர்பார்ப்பு. சீசனுக்கு 30 நாள், நாளுக்கு 20 ஏக்கர், ஏக்கருக்கு 500 ரூபாய் என்று போட்டால் 3 லட்சம் வருகிறது. பார்க்க அழகான தொகை. அதில் உதவியாளர் கூலி, ட்ரோனை ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ, ஜெனரேட்டர் டீசல் போகும். அதையும் தாண்டி ஒன்று உண்டு, அதுதான் பேட்டரி.

லித்தியம் பாலிமர் பேட்டரி ஒரு செட், ஒரு சார்ஜுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஏக்கர் தாங்கும். 250 சார்ஜ் வரை நம்பலாம். ஆறு செட் வைத்திருந்தால் மொத்தம் 1,500 சார்ஜ். ஏக்கருக்கு ஒரு சார்ஜ் என்றால் மேலே சொன்ன சீசனுக்கு 600 சார்ஜ். இரண்டரை சீசனில் ஆறு செட்டும் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு செட்டின் இன்றைய விலையை 250-ஆல் வகுத்து, அந்தத் தொகையை ஒவ்வொரு ஏக்கருக்கும் உண்டியலில் போட்டுவர வேண்டும். இதைச் செய்யாத குழுக்களின் ட்ரோன்தான் மூன்றாவது சீசனில் கிடங்கில் தூசி படிந்து கிடக்கிறது. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடுவது, வெயிலில் வைப்பது, சீசன் முடிந்ததும் முழு சார்ஜில் மாதக்கணக்கில் விட்டுவைப்பது இவை மூன்றும் அந்த 250-ஐ நூறாக்கிவிடும். ஓய்வில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். உப்பிப்போன பேட்டரியை இன்னொரு பறப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டவே கூடாது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 2 முதல் 25 கிலோ வரை சிறிய வகை; 10 லிட்டர் ட்ரோன்கள் இதில் வரும். ட்ரோனுக்குப் பதிவெண்ணும், ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பைலட் 18 வயது முடிந்து பத்தாவது தேறியிருக்க வேண்டும். தடையில்லாத இடமான பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை. தஞ்சாவூரைச் சுற்றி வயல் வைத்திருப்பவர்கள் மட்டும் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020-லிருந்து சுகோய் போர் விமானங்கள் நிற்கும் இடம். “பரவால்லங்க, தாழ்வாத்தான் பறக்கும்” என்கிற சமாதானம் செல்லாது.

பைலட் பயிற்சியின் தரத்தைப் பற்றி ஒன்று. தீதி திட்டத்தில் மொத்தம் 15 நாள் பயிற்சி, அதில் 5 நாள் பறக்கவிட. பறக்கவிடுவது ஐந்து நாளில் வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. மரம், ஈபி கம்பி, ஸ்டே வயர் எங்கே என்று முதலில் வரப்பைச் சுற்றி நடந்து பார்க்கிறாரா, சிக்னல் போனால் தானாகத் திரும்பும் உயரத்தைப் பக்கத்துத் தென்னையைவிட உயரமாக வைத்திருக்கிறாரா என்பதை வைத்தே பைலட்டை எடைபோட்டுவிடலாம். தென்னைக்குக் கீழே திரும்பும் உயரத்தை வைத்துவிட்டு மட்டையில் மாட்டிக்கொண்ட ட்ரோன்களை இறக்க மரமேறியைத் தேடிய கதை டெல்டாவில் புதிதல்ல.

முதல்முறை வருகிற குழுவாக இருந்தால் வயலுக்குப் போகுமுன் நெல் காயவைக்கும் களத்துக்கு அழைத்துப் போங்கள். டேங்க்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, காய்ந்த சிமென்ட் தரையின் மேல் 2 மீட்டர் உயரத்தில் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். ஈரப்பட்டை நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரே சீராக விழ வேண்டும். நடுவில் காய்ந்த கோடு தெரிந்தால் ஒரு நாசில் அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக இருந்தால் நாசில் தேய்ந்துவிட்டது. போன கோட்டுக்கும் வந்த கோட்டுக்கும் இடையில் ஒரு முழம் காய்ந்து கிடந்தால், வயலிலும் அதே இடைவெளிதான்; பத்து நாள் கழித்துப் பச்சையும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை இது. முகம் சுளிக்கிற பைலட்டை அங்கிருந்தே அனுப்பிவிடலாம்.

ஃபோனில் பேசும்போது வாடகை கேட்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்: “தம்பி, டேங்க்ல கடைசியா என்ன மருந்து அடிச்சீங்க?” பூச்சிமருந்து என்றால் பரவாயில்லை. களைக்கொல்லி என்றால், டேங்க்கையும் குழாயையும் நாசிலையும் மூன்று முறை கழுவினீர்களா, கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று அடுத்த கேள்வி. பதில் சொல்லத் தடுமாறினால், உங்கள் உளுந்துக்கு அந்த ட்ரோன் வேண்டாம்.